மிச்சத்தில் பாதி

— ஏட்டி பெர்லின், கதவைத் திற. டீ கொண்டாந்திருக்கேன்.

— வாசல்லயே வச்சிட்டுத் தள்ளிப் போங்கப்பா. கிட்ட வரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல.

— அவன் சொல்லுவான். தைராய்டுக்கு மாத்திரைன்னு விஷத்தை முழுங்க வச்சி, பெத்த அப்பனை வெளிய நிறுத்திட்டான்.

— விஷம் இல்லப்பா, கதிர்வீச்சு அயோடின். ஆபரேஷன்ல கட்டியை எடுத்தாங்கல்ல, ஒட்டி மிச்சம் ஏதாவது இருந்தா அதை எரிக்கறதுக்கு.

— என்னமோ. காலையில உள்ள இருந்துக்கிட்டே போன்ல பிள்ளைங்களுக்குக் கணக்கு நடத்துனியே, கேட்டேன்.

— ஒட்டுக் கேட்டீங்களா?

— அமீர்பேட் கோச்சிங் சென்டர்ல உன் பாடத்தைக் காசு கட்டிக் கேக்கான், நான் சும்மா கேக்கேன். அயோடின் எட்டு நாள்ல பாதியாகும்னே. அப்ப அடுத்த எட்டு நாள்ல மீதிப் பாதியும் போயிரும், சுத்தம். இதுக்கு எதுக்கு காலேஜ்?

— என் ஸ்டூடண்ட்ஸும் இதே தப்பைத்தான் பண்றாங்க. மிச்சத்துல பாதிதான்ப்பா போகும். அப்புறம் அந்த மிச்சத்துல பாதி. கையில உஸ்மானியா பிஸ்கட் இருக்குமே, பாதி கடிங்க.

— கடிச்சாச்சு.

— மீதியில பாதி.

— ம்.

— அதுலயும் பாதி.

— இனி எறும்புதான் கடிக்கணும். என்னைக்குட்டி தீரும்?

— கணக்குப்படி தீரவே தீராது. குறைஞ்சுக்கிட்டே போகும்.

— அப்ப ஆயுசுக்கும் நீ உள்ளயேவா? ஆஸ்பத்திரிக்காரன் ஏமாத்திட்டான் பாத்தியா!

— பயப்படாதீங்க. ரொம்பக் கொஞ்சமாயிட்டா போதும், வெளிய வந்திடலாம்.

— பயம் யாருக்கு? உங்கம்மாவும் போய்ச் சேந்துட்டா. நீயும் உள்ள கிடந்தா நான் யார்கிட்ட மல்லுக்கு நிக்க?

— எங்கிட்ட எங்கப்பா நின்னீங்க? மூணு வருஷம் ஒரே வீட்ல இருந்து, சாப்டியான்னுகூடக் கேக்கல.

— சர்ச்சுல உன் கல்யாண அறிவிப்பு, மூணாவது ஓலை வாசிக்கப் போற அன்னிக்கு, இந்த மாப்பிள்ளை வேண்டாம், நக்கோன்னுட்டே நீ. அடுத்த வாரம் கல்யாணம்னு இருந்துச்சு. செகந்திராபாத் பூரா சிரிச்சான்.

— அந்தக் கோபம் இன்னும் இருக்கா?

— அதை விடு. கொஞ்சமாச்சா இல்லையான்னு எவன் பாத்துச் சொல்லுவான்?

— ஆஸ்பத்திரில மீட்டர் வச்சுப் பாப்பாங்க.

— முந்தாநாள் தனியா காரை எடுத்துட்டுப் போனியே, அதுக்கா?

— ம்.

— என்ன சொன்னான்?

— டீ ஆறுதுப்பா.

— ஆறட்டும். எம்மா, எங்கிட்ட மறைக்காத. இன்னும் நிறைய இருக்குன்னானா? திரும்பக் கட்டி வந்திருக்குன்னானா? எதுவா இருந்தாலும் சொல்லு. ராத்திரி தூக்கம் இல்லட்டி எனக்கு.

— ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா.

— பின்ன என்னதான் சொன்னான்?

— எல்லாம் சரியாயிடுச்சு, அறையை விட்டு வெளிய வரலாம்னார். நான்தான் வரல. கதவைத் திறந்தா நீங்க மறுபடி பேச மாட்டீங்களோன்னு…