திருத்தம் கேட்டு வந்தவர்

போதகர் அவர்களே, மூப்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கச்சி, அவருடைய மகளே, வேலை உடுப்போடு நேரே இங்கு வந்திருக்கும் லிஃப்ட் கம்பெனித் தோழர்களே, சபையாரே.

இன்று காலை உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் மைக் அண்ணன் என்று அழைத்த நம் லிஃப்ட் மெக்கானிக், மனச்சோர்வுக்கான மாத்திரையைக் கடைசியாக வாங்கி ஏழு மாதமாகிறது. மூலையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். அதை இங்கே சொல்லச் சொன்னவர் அவருடைய மனைவி, நம் தங்கச்சி. மைக் அண்ணன் எப்படி இறந்தார் என்பதற்கு மருத்துவமனை அறிக்கை இன்னும் வரவில்லை. வரும்வரை ஊகம் வேண்டாம். வாசலிலும் வேண்டாம், போனிலும் வேண்டாம்.

அவர் யார்? பன்னிரண்டு மாடி மருத்துவமனை ஒன்றில் லிஃப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணி. இவருடைய தோழர் மேலே மோட்டாரைப் பார்க்க, இவர் கதவு இடுக்கில் வாய் வைத்து நாற்பது நிமிடம் பேசிக்கொண்டே இருந்தார். "பயப்படாதீங்கம்மா. இந்த லிஃப்ட்டோட எனக்குப் பல வருஷப் பழக்கம். கொஞ்சம் முசுடு, அவ்வளவுதான். யாரையும் கீழ விட்டதில்ல." அந்தப் பெண் உள்ளே சிரித்தாராம். அவர் வெளியே வந்த பிறகுதான் இவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். இதை எனக்குச் சொன்ன தோழர் அதோ கடைசி வரிசையில் நிற்கிறார்.

நம்முடைய நன்றி நேரம் உங்களுக்குத் தெரியும். எழுந்து நிற்க வேண்டும், மைக்கை வாங்க வேண்டும், நன்றி மட்டும் சொல்ல வேண்டும். கஷ்டத்தைச் சொல்வதென்றால் சீட்டில் எழுதி வாசல் பெட்டியில் போட வேண்டும். பதினோரு ஆண்டுகள் அந்த மைக்கை வரிசை வரிசையாகக் கொண்டுபோனவர் அவர். கை நடுங்கும் முதியவர்களுக்குத் தானே வாயருகே பிடிப்பார். நம் பெரியவர் ஒருவர் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அவர் காதில், "பெரியப்பா, மிச்ச நன்றியை அடுத்த வாரத்துக்கு வச்சுக்கலாம், பேட்டரி தாங்காது" என்பார்.

பதினோரு ஆண்டில் ஒரே ஒரு முறைதான் அவர் தனக்காக மைக்கைப் பிடித்தார். ஏழு மாதம் முன்பு. "ஆறு வருஷமா மாத்திரை சாப்பிட்டேன். நிறுத்திட்டேன். நன்றி" என்றார். நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம். எழுந்து நின்று கைதட்டினோம். சபை மடலைத் தயாரிக்கும் நான் அதை முதல் பக்கத்தில் போட்டேன். "மாத்திரை தோற்றது, விசுவாசம் வென்றது" என்று தலைப்பு வைத்தேன். நானூறு பிரதிகள்.

நிறுத்தச் சொன்னது யார் என்று இந்த வாரம் விசாரித்தேன். ஒருவரைக் காட்ட முடியவில்லை. நன்றியுள்ள மனுஷனுக்கு மாத்திரை எதற்கு என்று ஆளாளுக்கு, அன்பாக, போகிற போக்கில் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அவருடைய டாக்டரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் முன்பு, மடல் அச்சாகும் பின்னறைக்கு அவர் வந்தார்.

"அண்ணே, அன்னிக்கு மடல்ல வந்ததுக்கு ஒரு திருத்தம் போட முடியுமா?"

"ஏன், தேதி தப்பா வந்துடுச்சா?"

"இல்ல. தூக்கமே வரல. தினமும் இருபது நன்றி எழுதிப் பார்க்கிறேன், அப்பவும் வரல. மறுபடி டாக்டர்ட்ட போலாம்னு இருக்கு. ஆனா எல்லாரும் கைதட்டிட்டாங்களே, அண்ணே. எந்த மூஞ்சியோட போறது?"

நான் சிரித்தேன். "நன்றிக்குப் போய் யாராவது திருத்தம் போடுவாங்களா? ஜெபம் பண்ணிக்கலாம், போ தம்பி" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று அவரும் சிரித்தார். இயந்திரத்தில் சிக்கியிருந்த தாளை எடுத்துவிட்டுப் போனார்.

பத்திரிகையில் முப்பத்துநான்கு ஆண்டு நிருபர் வேலை பார்த்தவன் நான். ஒரு எழுத்துக்குத் திருத்தம் போட்டிருக்கிறேன், ஒரு பேருந்து எண்ணுக்குப் போட்டிருக்கிறேன். ஒரு மனிதர் நேரில் வந்து கேட்டார்; அவருக்குப் போடவில்லை. இப்போது போடுகிறேன், யார் படிப்பதற்கு?

தங்கச்சி என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "அவருக்கு நன்றி போதலைன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, அண்ணே." மைக் அண்ணன் தினமும் நன்றி எழுதிவந்த நோட்டைக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் இருப்பது: "மகள் டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை மறந்துவிட்டாள். நன்றி." நன்றி அவரிடம் குறையவில்லை. விசுவாசமும் குறையவில்லை. நோயும் குறையவில்லை. மூன்றும் ஒரே வீட்டில்தான் இருந்தன. நாம் இரண்டுக்கு மட்டும் மைக் கொடுத்தோம்.

இந்த இடத்தில் அவருடைய பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்ல வேண்டும். எப்படித் தொடர்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். வரும் ஞாயிறு மடலில், அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வரும்: அந்தத் தலைப்பு தவறு, டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், மறுபடி தொடங்குவது தோல்வி அல்ல. நன்றி நேரத்தில் "முடியவில்லை" என்றும் சொல்லலாமா என்பதை மூப்பர் குழு புதன்கிழமை முடிவு செய்யும். மருத்துவமனை அறிக்கை வெள்ளிக்கிழமை என்கிறார்கள்.

இன்னொன்றும் நிலுவையில் இருக்கிறது. அந்த மடலைப் படித்துவிட்டுத் தன் மாத்திரையையும் நிறுத்திய ஒருவர் நம் நடுவே இருக்கிறார். யார் என்று சொல்லமாட்டேன். தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள். அவருக்காக டாக்டரிடம் நாளை காலை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். வாங்கியவர் தங்கச்சி. வருகிறேன் என்று அந்த ஒருவர் இன்னும் சொல்லவில்லை. பத்து மணியிலிருந்து நானும் தங்கச்சியும் அந்த டாக்டரின் வாசலில் நிற்போம்.