ஏழாம் எண்ணின் நடுவே ஒரு கோடு

மேடையேறியவன் வணக்கத்தில் தொடங்குவது மரபு. நான் இன்று பட்டியலில் தொடங்குகிறேன். வணக்கம் எங்கும் ஓடிவிடாது. தேதிகளைத்தான் இந்த மன்றம் மறந்துவிடும்.

1. 1984 ஜூன் 9. காரைக்கால் அரசலாற்றங்கரை வாசகர் மன்றத்தின் அலமாரியிலிருந்து ‘மருந்துக்குப் பிறகு மல்லிகை’ என்னும் மாத நாவலைச் செயலாளர் திரு. சிவசுப்பிரமணியன் அகற்றினார். குடும்பப் பெண்களின் மனத்தைக் கெடுக்கிறதாம். படித்தாரா? இல்லை. அட்டையைப் பார்த்தார்.

2. ஜூன் 17. அதன் கடைசி வெற்றுப் பக்கத்தில் வாசகர்கள் பென்சிலால் எழுதியிருந்த நான்கு குறிப்புகளைச் சவர பிளேடால் பக்கத்தோடு அறுத்தெடுத்தார்.

3. ஜூன் 24. எழுதியவர் யார் என்று துப்புத் துலக்க, நூலகப் பதிவேட்டைக் கேட்டார். தர மறுத்த நூலகர் காதர் பாட்சாவை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, பதிவேட்டைத் தாமே எடுத்துக்கொண்டார்.

4. ஜூலை 2. துலங்கிவிட்டதாக எண்ணி, செல்வி ழக்லினை மணக்கவிருந்த பிள்ளையின் அத்தை வீட்டுக்குப் போய், “பொண்ணுக்கு மூளை சரியில்லீங்க, எழுத்துலயே சாட்சி இருக்கு” என்று சொல்லிவிட்டு, காப்பியும் குடித்துவிட்டு வந்தார்.

5. ஜூலை 6. இவை குறித்து நான் கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

இனி வணக்கம்.

நடுநிலை தவறாதவர் என்று நோட்டீசில் அச்சிடப்பட்டிருக்கும் தலைவர், வழக்கறிஞர் சோமசேகரன் அவர்களே! ஜூலை பதினான்கு என்பதால் காலையில் பிரெஞ்சுக் கொடிக்கு வணக்கம் வைத்துவிட்டு, மார்பிலே பதக்கம் மின்ன மாலையிலே மன்றத்துக்கு வந்திருக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணியாற்றிய சொல்தா பெரியவர்களே! குரும்பகரத்து வயல் வேலையை முடித்து, கால் கழுவிய ஈரம் காயாமல் வந்திருக்கும் ஐயாமார்களே! கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன்கூடையோடு வந்து முதல் வரிசையைக் கைப்பற்றிய தாய்மார்களே! காதல் நாவலைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படிக்கும் தங்கைகளே! அதே நாவலை மனைவி தூங்கியபின் திருடிப் படிக்கும் கணவன்மார்களே! சிரிப்பு எந்த வரிசையிலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டேன். அனைவருக்கும் வணக்கம்.

மாங்கனித் திருவிழா இப்போதுதான் முடிந்திருக்கிறது. இறைத்த பழத்தில் யார் கையிலாவது மிச்சமிருந்தால், நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு எறியலாம். பழுத்ததாக எறியுங்கள்.

என் பெயர் எத்மோன். கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவன். வயது ஐம்பத்தைந்து. காதல் நாவலைப் பற்றிப் பேச இந்த வயதில் இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

அப்படி என்ன குற்றம் செய்தது அந்த நாவல்? தம்பி கடலில் மூழ்கிப் போகிறான். அக்காள் பேச்சை மறக்கிறாள், பசியை மறக்கிறாள், உறக்கத்தை மறக்கிறாள். அவளைக் காதலிக்கிறவன் என்ன செய்கிறான்? மரத்தைச் சுற்றினானா? மலை உச்சியில் பாடினானா? மந்திரவாதியிடம் இழுத்துப் போனானா? இல்லை ஐயா! பேருந்தில் ஏற்றி மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனான். பதினெட்டு மாதம், வாரம் தவறாமல், கையில் டிபன் கேரியரோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றான். மற்ற நாவல்களில் நாயகன் “என்னைக் காதலிக்கிறாயா?” என்று கேட்பான். இவன் கேட்பது ஒரே கேள்விதான்: “மாத்திரை போட்டாயா?” முத்தம் உண்டா என்று செயலாளர் அஞ்சுகிறார். உண்டு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒன்றே ஒன்று, அதுவும் நெற்றியில். அதற்குள் அந்தப் பெண் நாற்பது முறை மருந்து விழுங்கிவிடுகிறாள். இதைவிடக் கற்பான காதலை நான் கண்டதில்லை!

என்ன பவுனம்மாள், எழுந்து நிற்கிறீர்கள்? சொல்லுங்கள். மேடைக்குக் கேட்கட்டும்.

“எனக்கு எழுத்து தெரியாதுங்கய்யா. கருவாடு காயப்போடயில எம்மவ செல்லம் படிச்சுக் காட்டுச்சு. மாத்திரை போட்டியா, மாத்திரை போட்டியான்னு அந்தப் பய கேக்குறான் பாருங்க, சோறு தின்னியான்னு கேக்குற ஆம்பளையே நம்ம பக்கம் கெடையாது! எங்க வூட்டுக்காரரு போன கட்டுமரம் திரும்பாத வருசம் எனக்கும் பேச்சு நின்னுபோச்சு. வேப்பிலையால அடிச்சாங்க. சாம்பிராணி போட்டாங்க. மாத்திரைன்னு ஒண்ணு இருக்குன்னு ஒரு நாதியும் சொல்லலீங்க. செயலாளரய்யாவும் அன்னைக்கு வேடிக்கை பாத்துக்கிட்டுதான் நின்னாரு.”

உட்காருங்கள், அம்மா. நான் அரை மணி நேரம் பேச எழுதி வந்ததில் பாதியை நீங்களே பேசிவிட்டீர்கள்.

இனி அந்தக் கடைசிப் பக்கம். நம் நூலகத்தில் நாவல் எடுக்கிறவர்கள் வெற்றுப் பக்கத்தில் ஏதாவது கிறுக்காமல் திருப்பித் தருவதில்லை. ‘அழுதேன்’ என்பார் ஒருவர். ‘முடிவு மோசம்’ என்பார் இன்னொருவர். ‘முதல் பாதி வீண், வாசகிகளே ஏமாறாதீர்’ என்று எச்சரிக்கை விடுப்பார் மூன்றாமவர். இந்த நாவலில் இருந்தவை வேறு. கேளுங்கள்.

முதல் குறிப்பு: ‘என் கதையும் இதுதான். என்னை மட்டும் யாரும் அழைத்துப் போகவில்லை.’

அதன் கீழே வேறொரு கை: ‘என்னையும்தான். எங்கே போக வேண்டும்? யாரைக் கேட்பது?’

மூன்றாவது கை: ‘பக்கத்து ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை. அறை எண் 7. பெயரைக் கூவி அழைப்பதில்லை. பயப்படாதீர்கள்.’

நான்காவது: ‘போனேன். நேற்றுத் தூங்கினேன்.’

இருபத்தெட்டு ஆண்டுகள் தத்துவம் நடத்தியிருக்கிறேன். ‘நேற்றுத் தூங்கினேன்’ என்று ஒரு மாணவன்கூட எழுதித் தந்ததில்லை; வகுப்பிலேயே தூங்கியிருக்கிறார்கள், அது வேறு. முகம் தெரியாத நால்வர், ஒரு நாவலின் முதுகில் ஒரு மருத்துவமனையே கட்டினார்கள். அதைத்தான் பிளேடால் அறுத்தார் நம் செயலாளர்!

அறுத்தவர் ஆராய்ந்தார். மூன்றாவது குறிப்பில் ஏழு என்ற எண்ணின் நடுவே குறுக்கே ஒரு சிறு கோடு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் அப்படித்தான் ஏழு எழுதுவார்கள். காரைக்காலில் இது பால்காரருக்கும் தெரியும். பதிவேட்டில் இந்த நாவலை எடுத்தவர்களில் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்தவர் ஒருவர்தான்: ழக்லின். முடிந்தது ஆராய்ச்சி! முடிந்தது தீர்ப்பு! முறிய நிற்கிறது ஒரு பெண்ணின் திருமணம்!

மேடையில் அந்தப் பெயரைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்னது இது: “சொல்லுங்க, முசியே. ஊரே சொல்லுது, நீங்க மட்டும் ஏன் கூச்சப்படுறீங்க? நான் படிச்சேன், எழுதல. இவ்வளவு ஆன பிறகு, எழுதியிருக்கலாமேன்னுதான் இருக்கு.”

அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தலை நிமிர்ந்திருக்கிறது. செயலாளரே, உங்கள் தலை ஏன் குனிகிறது? செருப்பு தொலைந்துவிட்டதா?

தலைவர் மணியைத் தொடுகிறார். தொடுங்கள், அடிக்காதீர்கள். இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

அந்த ஏழு என்னுடையது.

சலசலப்பு அடங்கட்டும், காத்திருக்கிறேன்.

என் மனைவி ஷர்லோத் 1981-இல் இறந்தாள். அதன்பின் ஒரே பாடத்தை மூன்று நாள் தொடர்ந்து நடத்தினேன். ஒரு மாணவனும் எழுந்து சொல்லவில்லை, அவ்வளவு மரியாதை! இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டேன். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடந்தேன். படித்த மனிதன், ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. நூலகத்தில் அந்த நாவலைத் தற்செயலாகப் புரட்டினேன். விரிவுரையாளர் காதல் நாவல் எடுத்தார் என்று பதிவேட்டில் ஏறக் கூடாதே! கையெழுத்துப் போடாமல், செய்தித்தாளுக்குள் மறைத்து, அங்கேயே நான்கு மாலைகளில் படித்தேன். ஐந்தாம் நாள் பேருந்து ஏறினேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்தில் இரண்டு கேள்விகளைப் பார்த்தேன். பதில் எழுதினேன்.

பதிவேட்டில் என் பெயர் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் வாசலுக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள். செயலாளரின் குற்றம் ஐந்து. என் குற்றம் ஒன்று. அது அந்த ஐந்தில் நான்காவதுக்குத் தாய். ழக்லின், இந்த ஊர் முன்னிலையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்று: உங்கள்மேல் படிந்த கறையைத் துடைக்க நான் இதைச் சொல்லவில்லை. கறையே இல்லை! காய்ச்சலுக்கு மாத்திரை போட்டவனைக் கல்யாணச் சந்தையிலிருந்து தள்ளுகிறோமா? கண்ணாடி போட்டவனைக் குருடன் என்று கதவடைக்கிறோமா? மனம் நொந்து மருந்து உண்டவர் மட்டும் எந்த வகையில் மட்டம்? அந்த ஏழு உங்களுடையதாகவே இருந்திருந்தாலும், இதே மேடையில், இதே குரலில், இதையே பேசியிருப்பேன். மற்ற மூவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன். இந்தக் கூட்டத்தில் இருந்தால், தூங்குங்கள். போதும்.

மன்றத்திடம் நான் கேட்பவை: அறுத்த பக்கம் நாவலோடு மீண்டும் தைக்கப்பட வேண்டும். நாவல் அலமாரிக்குத் திரும்ப வேண்டும். காதர் பாட்சா தம் நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். செயலாளர், காப்பி குடித்த அதே வீட்டுக்குப் போய், தாம் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். இந்த முறை காப்பி வேண்டாம். இவற்றைச் செய்ததாக மன்றத்தின் முத்திரையோடு பதில் எழுத்தில் வேண்டும். பிள்ளை வீட்டார் ஜூலை 22 ஞாயிறன்று கூடி முடிவெடுக்கிறார்கள். ஆகவே கெடு: ஜூலை 21, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி.

பொறுமையாய்க் கேட்ட பெரியவர்களுக்கும், என்னைவிட நன்றாகப் பேசிய பவுனம்மாளுக்கும், மணியடிக்காத தலைவருக்கும் நன்றி. தாய்மார்களே, தங்கைகளே, போய் வருகிறேன், வணக்கம்.

செயலாளரே, பதிலில் தேதி போடும்போது மாதத்துக்கு ஏழு என்று எழுத வேண்டிவரும். நடுவே கோடு போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. அதை எடுத்துக்கொண்டு நான் எவர் வீட்டு வாசலுக்கும் போக மாட்டேன்.