பதினோரு விநாடி

14 அக்டோபர் 2025, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. எங்கள் பாட்டின் நடுவே வரும் மௌனம் ஒன்பது விநாடி என்று எழுதியிருந்தேன். இன்று மாலை வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது மூன்று முறை அளந்து பார்த்தேன். பதினோரு விநாடி.

'ரெண்டு மணி வெயில்' நானும் டிரம்ஸ் வாசிக்கும் மணிகண்டராஜும் சேர்ந்து செய்த ராக் பாட்டு. விருதுநகர் டீக்கடையிலிருந்து சென்னைக் கல்லூரி விழாக்கள் வரை போய்விட்டது. கிட்டார் நின்றதும் கூட்டம் கையை உயர்த்தி அசையாமல் நிற்கும். மெல்லிய சீறல் மட்டும் கேட்கும். பிறகு ஒரு பெரிய அடி விழும், எல்லோரும் குதிப்பார்கள். இப்போது கல்யாண வீடுகளிலும் இதைச் செய்கிறார்கள். அந்தச் சத்தத்தை எப்படி உண்டாக்கினீர்கள் என்று பேட்டிகளில் கேட்பார்கள். கணினியில் என்பேன்.

கணினியில் இல்லை.

இரண்டு வருடம் முன்பு எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். வெடிமருந்து சலிக்கும் முனியராஜ் அண்ணன் சல்லடையை ஆட்டுவதில் ஒரு தாளம் இருந்தது. பாட்டுக்கு அது வேண்டும் என்று தோன்றியது. ஒரு நாள் காலையில் பதிவு செய்தேன். லோடு லாரியின் இரைச்சல் விழுந்து கெட்டுப்போனது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், பதிவை ஓடவிட்டபடியே மறுபடி கேட்டேன்.

"ஏலே, வெயிலு ஏறுனப்புறம் மருந்தைத் தொடக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? கிறுக்குப் பயலே."

"ஒரே ஒரு சல்லடைண்ணே."

"பாட்டுல எம்பேரு வருமாலே?"

"வரும்ணே."

"எங்க வீட்டுல இப்பச் சொல்லிராத. கேட்டா அம்புட்டுச் சிரிப்பு சிரிப்பா."

சல்லடை அருகே மைக்கை வைத்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன். அண்ணன் சலித்து முடித்தார். மூலையிலிருந்த பானையில் தண்ணீர் மொண்டு, இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று குடித்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மருந்து சீறத் தொடங்கியது. மைக் இல்லாமல் கேட்டிருக்காது. அந்தச் சத்தம் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று முதல் நாளே சொல்லித் தருவார்கள். அறைக்கு நாலு பக்கமும் வாசல். "அண்ணே" என்று ஒரு குரல் போதும்.

நான் ஏன் கூப்பிடவில்லை என்று பலமுறை யோசித்துவிட்டேன். பயம் என்று சொல்லலாம். ஆனால் பயந்தவன் கை நடுங்கும். வெடித்தால் பதிவு கிழிந்துவிடும் என்று ஒலி அளவைக் குறைத்தேன். அதற்கு இரண்டு விநாடி ஆனது. மீதி ஒன்பதும் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்றைய பிழை அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முனியராஜ் அண்ணனின் மனைவி இசைவாணியக்கா என் வீட்டுக்கு வந்திருந்தார்.

"தம்பி, அன்னைக்கு நீ எதோ பதிவு பண்ணிட்டிருந்தியாம். மணிகண்டராஜ் சொன்னாப்ல. அதுல அவுக கொரல் இருக்கா?"

"இருக்கும்க்கா. தேடணும்."

"அவுகளே வெயில்ல மருந்தைத் தொட்டுச் செத்தாகன்னு ஊரே பேசுது. பள்ளிக்கூடத்துல எம்மகனைக் கேலி பண்றானுக. யாரும் சொல்லாம அவுக தொட மாட்டாக தம்பி. அவன்ட்ட நான் என்னன்னு சொல்ல?"

தருகிறேன் என்றேன். டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

அவர் கேட்டது அண்ணனின் குரலை. அதை நான் மறைக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு முணுமுணுக்கும் இடம் நன்றாகவே பதிந்திருக்கிறது.

நாளை காலை கோப்பைத் திறந்து, நான் அண்ணனிடம் பேசும் பகுதியை வெட்ட வேண்டும். பிறகு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என் குரல் நடுவே வந்தால் அவருக்கு வருத்தமாக இருக்கும்.