அரை மில்லி

உங்கள் மேசை மேல் இருக்கும் அழைப்பு மணி நல்ல மணி. உள்ளங்கை அகலம் இருக்கிறது. எங்கேயோ பார்த்துக்கொண்டு தட்டினாலும் அடிக்கும். நான் இந்தத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் நான்கு முறை தட்டிவிட்டீர்கள், ஒருமுறைகூடக் குறி தப்பவில்லை. என் வேலையில் அந்தக் கொடுப்பினை கிடையாது.

நான் செய்வது கையில் கட்டும் வாட்ச்சுக்கான தொடுதிரை. தீப்பெட்டி அளவுகூட இருக்காது. விரலை வைத்தால் பாதித் திரை விரலுக்கடியில் மறைந்துவிடும். அதோடு, கண் பார்க்கிற இடத்தில் விரல் படாது, கொஞ்சம் கீழேதான் படும். எவ்வளவு கீழே என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் வாட்ச்சைக் கட்டிவிடுவதற்கு முன் பத்துப் புள்ளிகளைத் தொடச் சொல்வோம். அவர் விரல் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவை வாட்ச்சில் பதிந்துவிட்டால், அதுவே மேலே ஏற்றி எடுத்துக்கொள்ளும். தொடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. தான்தான் சரியாகத் தொட்டதாக நினைத்துக்கொள்வார்.

என் அக்காவின் கணவர், அத்தான், எங்கள் கம்பெனியின் விற்பனைத் தலைவர். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அதை வாரம் ஒருமுறையாவது யார் காதிலாவது போட்டுவைப்பார். கட்டியிருப்பவர் விழுந்துவிட்டால் வாட்ச்சில் ஒரு திரை வரும். மேலே ‘உதவி’, கீழே ‘நலம்’. இரண்டுக்கும் நடுவே இடைவெளியை அரை மில்லிமீட்டர் கூட்ட வேண்டும் என்று எட்டு மாதச் சோதனைகளைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் கேட்டேன். கூட்டினால் விற்பனைக்கு விடும் தேதி தள்ளிப்போகும். அத்தான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“மச்சான், அரை மில்லி அப்படி இப்படி இருந்தா யாரு செத்துடப் போறா?”

இருபது பேர் சிரித்தார்கள். எட்டு மாத உழைப்பு அந்தச் சிரிப்போடு போயிற்று. அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அன்றிலிருந்து என் பெயரே அரை மில்லி என்று ஆகிவிட்டது. லிஃப்டில் ஏறினால், “அரை மில்லி தள்ளி நில்லுப்பா, கதவு இடிக்கும்.” ஒருநாள் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா மகள், “அரை மில்லி மாமாவுக்கு அரைக் கரண்டி போதுமா?” என்றாள். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு அத்தானுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் வீட்டில் ஓய்வு என்றார்கள்.

“நான் வேலைக்குப் போயிட்டா தனியாத்தான் இருப்பாரு. அந்த வாட்ச்ச அவருக்குக் கட்டிவிடுடா தம்பி. உன் ஆபீஸ் பின்னாடித் தெருதானே, உன் நம்பரையே குடுத்துடு” என்றாள் அக்கா.

அவர்கள் சமையலறை மேசையில் வைத்துத்தான் பத்துப் புள்ளிகளையும் தொடச் சொன்னேன். அத்தான் விரல் நுனியால் தொடுகிறவர் அல்ல. சதையை முழுசாகப் படுக்கவைத்து அழுத்துவார். இரண்டரை மில்லி இறங்கியது. நான் இரண்டு என்று பதிந்தேன். எழுத்து மறையக்கூடாதென்று அவர் எப்போதும் பொத்தானின் கீழ் விளிம்பைத்தான் தொடுவார், அதனால் அந்த அரை மில்லி இல்லாவிட்டால் அவர் ‘உதவி’யைத் தொடும்போதெல்லாம் ‘நலம்’ விழும். அதையும் சோதித்துப் பார்த்துக்கொண்டேன். ஒன்றைக் கவனியுங்கள், நான் அவருக்கு எதுவும் செய்யவில்லை. இரண்டு மில்லி உதவினேன், அரை மில்லியை நிறுத்திவைத்தேன்.

“சரியாப் போட்டுட்டியாடா?” என்று கேட்டாள் அக்கா.

“அரை மில்லிகூடப் பிசகாதுக்கா” என்றேன். அத்தானுக்குச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அத்தானுக்கு நான் கட்டிவிட்டது சோதனை வாட்ச், அதில் எங்கே தொட்டாலும் என் மேசைக் கணினியில் ஒரு புள்ளி விழும். அத்தான் விழுந்த செய்தி முதலில் வந்தது. முப்பது விநாடி யாரும் திரையைத் தொடாவிட்டால் வாட்ச்சே நேராக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடும். அவர் சும்மா கிடந்திருந்தாலே பிழைத்திருப்பார். ஆனால் தொட்டார். புள்ளி ‘நலம்’ மேல் விழுந்தது, திரை மூடிக்கொண்டது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தித் திரையைத் திரும்ப வரவழைத்தார். மறுபடி ‘நலம்’. ஒன்பது முறை. புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக, நான் கணக்குப் போட்ட இடத்திலேயே விழுந்தன. அவருடைய பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது கம்பெனியில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? தொடுதிரையில் கோளாறாம். விற்ற வாட்ச்சையெல்லாம் திரும்ப வாங்கப் போகிறார்களாம். அக்காகூட என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நீ செஞ்ச வாட்ச்சே அவரக் கைவிட்டுடுச்சேடா” என்று அழுதாள். அவள் அழுததுகூடப் பரவாயில்லை. என் வேலையைக் குறை சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் நானாகவே உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஏனென்றால் பத்தாவது தொடுதல் ஒன்று இருக்கிறது. ஒன்பது முறை தவறியதில் அத்தானின் விரல் கற்றுக்கொண்டுவிட்டது. கொஞ்சம் மேலே தள்ளித் தொட்டார். ‘உதவி’யில் சரியாகப் பட்டது. உதவி கேட்டால் முதலில் நம்பர் கொடுத்திருக்கும் உறவுக்காரர் வாட்ச்சுக்குத்தான் போகும். அவர் ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். ஆகவே நானும் சும்மா இருந்திருந்தால் போதும், அவர் பிழைத்திருப்பார்.

என் மணிக்கட்டு அதிர்ந்தது. திரையில் மேலே ‘வருகிறேன்’, கீழே ‘தவறான அழைப்பு’. என் சொந்த வாட்ச்சில் மட்டும் அந்த அரை மில்லி இடைவெளியைக் கூட்டி வைத்திருந்தேன், அதனால் கை தவறிவிட்டது என்று சொல்ல வழியில்லை. கீழே இருந்ததை, நட்ட நடுவில் தொட்டேன்.

அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வரியில், வாட்ச்சில் எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதுங்கள்.