ஒரு வேற்றுமை உருபு

எங்கள் வீட்டில் காலைக் காபி ஆறு மணிக்கு. ஆறு ஐந்துக்கு வருவதும் காபிதான். ஆனால் அது எங்கள் வீட்டுக் காபி ஆகாது. என் மனைவி ஆவுடையாள் நாற்பத்தாறு ஆண்டுகள் அதில் தவறியதில்லை. சென்ற தை மாதம் ஒரு நாள் இரண்டாவது தம்ளரும் கொண்டுவந்தாள். முதல் தம்ளர் இன்னும் என் கையில் இருந்தது.

முதியோர் நலன் விசாரிக்க வந்த அதிகாரி நீங்கள். கேட்டதற்கு மறைக்காமல் எழுதித் தருகிறேன்.

புதுக்கோட்டை டாக்டர், இது மறதியின் தொடக்கம்தான் என்றார். மனபாரத்தைக் குறைக்கும் பயிற்சியும் மூளைக்கான பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தால் தாக்குப்பிடிக்கலாம் என்றார். எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு மனபாரம் கிடையாது என்று தெரிவித்தேன். அதையும் குறித்துக்கொண்டார்.

எட்டு வாரம், செவ்வாய்தோறும் வகுப்பு. திருமயத்திலிருந்து பஸ்ஸில் நானே அழைத்துப் போனேன். வகுப்பெடுத்த வைஷ்ணவி, ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்துப் பத்து நிமிடம் மெல்லச் சொன்னாள். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு பந்தியே முடிந்துவிடும். பிறகு எல்லாரையும் பாயில் படுக்கவைத்து, கால் கட்டைவிரலில் என்ன தெரிகிறது என்று கேட்டாள். "ஆணி" என்றார் ஒரு பெரியவர்.

அடுத்தது மூளைப் பயிற்சி. "ஆச்சி, ஒங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

"இந்தா உக்காந்திருக்காகளே, அவுகள்ட்டயே கேளு."

வைஷ்ணவி பூஜ்யம் போட்டாள். எங்கள் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை என்று நான் விளக்கியிருக்கலாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். மறக்கக் கூடாதவற்றை அதில் எழுத வேண்டும். காலையில் கண்மூடி மூச்சைக் கவனித்தபின் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வீட்டாரும் எழுதி உதவலாம் என்று வைஷ்ணவி சொன்னாள். அதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வாரம் காபி ஆறு மணிக்கே வந்தது. சிகிச்சை பலித்துவிட்டது. அன்று நோட்டில் அவள் கையெழுத்தில் ஒரு புதிய வரி: "சொர்ணவல்லி கீரனூரில் இருக்கிறாள். பேச வேண்டும்." கீழே போன் நம்பர்.

சொர்ணவல்லி எங்கள் ஒரே மகள். என் தாயாரின் பெயர். பத்து ஆண்டுகளுக்கு முன் வேற்றுச் சாதியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவள் எங்கள் வாசல்படி ஏறினால் பங்காளிகள் இறங்கிவிடுவார்கள். அதனால் அவளைத் தலைமுழுகினோம். உறவை அறுத்தோம் என்று பொருள். ஊரறிந்த செய்தி.

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அடுத்த பக்கத்தில் என் கையாலேயே எழுதினேன்: "சொர்ணவல்லிக்குத் தலைமுழுகியாயிற்று." 'ஐ' இருந்த இடத்தில் 'கு' வந்தது, அவ்வளவுதான். இழவுக்குக் குளிப்பதையும் அப்படித்தான் சொல்வோம். இலக்கணம் அப்படி இருப்பதற்கு நான் பொறுப்பல்ல.

மறுநாள் மூச்சுப் பயிற்சி முடித்துப் படித்தாள்.

"எப்பங்க?" என்றாள்.

"பத்து வருசமாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். மறந்துட்டே."

அழுதாள். அடுத்த நாள் காலையிலும் படித்தாள். முதன்முறையாகக் கேட்பவள்போல அதே கேள்விகளைக் கேட்டாள். சில நாட்களில் முன்பே அறிந்த நினைவு இருக்கும். அன்று அழுகை குறைவு. ஒரு நாளும் தவறாமல் படிக்க வைத்தேன். ஒழுங்கு முக்கியம் என்று வைஷ்ணவியே சொல்லியிருக்கிறாள். எட்டாவது வாரத்துக்குள் காபி நின்றுவிட்டது. நானே போட்டு, அழுது முடித்ததும் அவளுக்குக் கொடுத்தேன். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடைசி வகுப்பில் சொர்ணவல்லி வந்து நின்றாள். ஆவுடையாள் முன்பு ஒரு நாள் வகுப்பில் அந்த நம்பரைச் சொல்லியிருக்கிறாள், வைஷ்ணவி கூப்பிட்டிருக்கிறாள்.

"ஆத்தா, நான்தான் ஆத்தா" என்று கையைப் பிடித்தாள்.

ஆவுடையாள் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். கன்னத்தைத் தடவினாள். "யாரு ஆத்தா நீ? எம் மகளும் ஒன் சாடைதான். அவளுக்குத் தலைமுழுகியாச்சு" என்றாள். அந்த வரியை உருபு பிசகாமல் சொன்னாள். வைஷ்ணவியின் நோட்டு அந்த அளவில் பலன் தந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சொர்ணவல்லி என்னைப் பார்த்து, "என்ன அப்பச்சி எழுதிவச்சீக?" என்றாள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் பதில் சொல்லவில்லை. தலைமுழுகியவர்களோடு பேசுவதில்லை.

அதை உங்களுக்குச் சொல்கிறேன். பக்கத்தைக் கிழித்தது நான். எழுதியது நான். இருபத்துமூன்று காலைகள் அவளைப் படிக்க வைத்ததும் நான்தான். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை.

ஆவுடையாளை இனி கீரனூரில் வைத்துப் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறார்களாம். சம்மதமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவளே யாரென்று கேட்ட ஒருத்தியோடு எங்கள் வீட்டுப் பெண்ணை எப்படி அனுப்புவது?