இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம்

இடுப்பு வலிக்கிறது, இன்ஸ்பெக்டர். கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். கிள்ளான் துறைமுகத்தில் இருபது வயதிலிருந்து அரிசி மூட்டை சுமந்த இடுப்பு இது. ஒருநாள் மூட்டையோடு விழுந்தேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து செய்கிற வேலைதான் கிடைக்கும் என்றார்கள். தேடினேன். கிடைத்தது.

வேலை, வீடியோ கேம் கடையில் காவல். முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். முன் அறையில் பள்ளிப் பிள்ளைகள் விளையாடுகிற சாதாரண மிஷின்கள். அதற்கு லைசென்ஸ் உண்டு, சுவரில் மாட்டியிருந்தது. பலகைத் தடுப்புக்குப் பின்னால் இன்னொரு அறை. அங்கே இருந்ததை நாங்கள் குதிரை மிஷின் என்போம். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் பழமும் மணியும் ஏழும் சுற்றும். இரண்டு அறைக்கும் நடுவில் ஓர் இரும்புக் கதவு. சட்டம் அந்தக் கதவு வரைக்கும்தான்.

இதே மிஷினைப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கிளப்பில் பார்த்திருக்கிறேன். தவுக்கேயோடு சாமான் வாங்கப் போனபோது. அங்கே ஏர்கோன் போட்டு, கோட் போட்டவர்கள் விளையாடினார்கள். அங்கே விளையாடினால் மெம்பர், எங்களிடம் விளையாடினால் குற்றவாளி. குறையாகச் சொல்லவில்லை. எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

என் வேலையைச் சொல்கிறேன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். போலீஸ் வருவது தெரிந்தால் "மாத்தா!" என்று, உங்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஒரு குரல் கொடுத்து, இரும்புக் கதவை இந்தப் பக்கமிருந்து பூட்டி, அதன்மேல் காலண்டரைத் தொங்கவிட வேண்டும். கேட்டால் ஸ்டோர் ரூம், உள்ளே யாரும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கும் பழக்கம் உண்டு. விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். மிஷினை மட்டும் அணைக்க மாட்டார்கள். அணைத்தால் ஏறியிருக்கும் பாயிண்ட் போய்விடும். அதனால் மெயின் சுவிட்சை யாரும் தொடுவதில்லை.

பூட்டுகிற என்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. போலீஸ் போனதும் திறந்துவிடுவேன். பவுனம்மாள் அக்கா மார்க்கெட் கூடையோடு வெளியே வரும்போது, "கிரிகரி, நீ செத்தா சொர்க்கத்துக் கதவையும் உன்கிட்டதான் குடுப்பாங்க லா" என்று சிரிப்பார்.

என் மருமகன் ஸ்டானிஸ்லாஸும் அங்கே வருவான். கடைசி மிஷின் அவனுடையது மாதிரி. மகள் சாந்தமேரிக்கு தெலுக் பங்லிமா காராங்கில் ஃபேக்டரி வேலை. சம்பள நாளன்று கேட்டிலேயே நின்று கவரை வாங்கிக்கொண்டு நேராக இங்கே வருவான். என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "மாமா, இன்னைக்கு குதிரை ஓடும் லா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க" என்பான். நான் கதவைத் திறந்துவிடுவேன். அது என் வேலை.

ஈஸ்டர் பூசைக்கு சாந்தமேரி கையில் மாவுக்கட்டோடு வந்தாள். வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். கோவிலுக்கு வெளியே வந்த பிறகு, "அப்பா, அவர உள்ள விடாதீங்கப்பா. தோத்துட்டு வந்தாதான் அடிக்கிறாரு" என்றாள்.

தவுக்கேயிடம் கேட்டேன். எல்லார் காசும் ஒரே காசு என்று சொல்லிவிட்டான். ஸ்டேஷனுக்கும் போனேன். கவுண்டரில் இருந்தவர் மகளை அடிப்பது குடும்ப விஷயம் என்றார். கடையைப் பற்றிச் சொன்னேன், லைசென்ஸ் இருக்கிறதே என்றார். இரண்டு இடத்திலும் நான் குரலை உயர்த்தவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த வயர் கண்ணில் பட்டது. பின் அறைச் சுவரோரம் எல்லா மிஷினுக்கும் போகிற ஒரே வயர். பிளக் உருகிக் கறுத்திருந்தது, பலகை சூடாக இருந்தது. தவுக்கே வயர்மேனைக் கூப்பிடச் சொன்னான். லைசென்ஸ் வைத்திருக்கிற எவனும் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டான், அது அவனுக்கும் தெரியும். வேறு ஆள் நாளைக்கு வருகிறான் என்று சொன்னேன். தினமும் அதையே சொன்னேன்.

பின் அறைக்குச் சந்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. அதன் கொண்டி வெளியே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பூட்டு வாங்கி வைத்தேன்.

அன்று மத்தியானம் ரப்பர் கருகுகிற வாடை வந்தது. தவுக்கே இல்லை. முதலில் பவுனம்மாள் அக்காவை, வீட்டில் தேடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு முன் அறைப் பிள்ளைகளை விரட்டினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சந்துக்குப் போய்ப் பூட்டைப் போட்டேன். திரும்பி வந்து "மாத்தா!" என்றேன். இரும்புக் கதவைப் பூட்டினேன். காலண்டரைத் தொங்கவிட்டேன்.

உள்ளே விளக்கு அணைந்தது.

நெருப்பை நான் வைக்கவில்லை. அது அங்கேயே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினார்கள். விரலால் தட்டினார்கள், போலீஸுக்குக் கேட்கக் கூடாதே. அப்புறம் ஸ்டானிஸ்லாஸ் கதவில் வாயை வைத்து, "மாமா... போயிட்டானுங்களா? இங்க என்னமோ பொகையுது" என்றான்.

"இன்னும் நிக்கிறானுங்க. சத்தம் போடாத" என்றேன்.

அவன் சத்தம் போடவில்லை. மாமா சொல்லி அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான். மறுபடி அவர்கள் தட்டியபோது விரலால் தட்டவில்லை. அதற்குள் நான் எதிர்க்கடை வாசலில் இருந்தேன். தீயணைக்கிற பொம்பா வண்டி வந்தது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். யாரும் இல்லை, ஸ்டோர் ரூம் என்றேன். அந்தக் கடையில் என்றைக்கும் அதுதான் பதில்.

ஸ்டானிஸ்லாஸோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தர் லோரி ஓட்டுகிறவர், மற்றவர் சலூன் வைத்திருக்கிறவர் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவர்கள் பெயரை நான் கேட்டதில்லை. அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை. அவர்களை யாரும் வரச்சொல்லிக் கூப்பிடவில்லை. தவுக்கே மேல் சூதாட்ட வழக்குப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அபராதம் கட்டிவிடுவான்.

சாந்தமேரி இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. கை சேர்ந்துவிட்டது என்றார்கள். வருவாள். அவளுக்கு நிம்மதி பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

கையெழுத்துப் போடுகிறேன். மூட்டை தூக்கிய காலத்திலிருந்து யாருக்கும் எதையும் பாக்கி வைத்தவன் இல்லை நான். ஒன்றே ஒன்றுதான் மனதை உறுத்துகிறது. சந்துக் கதவுக்கு வாங்கிய பூட்டை நாகையாவின் இரும்புக் கடையில் கடனாகத்தான் எடுத்தேன். அந்த எட்டு வெள்ளியை இன்னும் கொடுக்கவில்லை.