மேல் போல்ட்

டிஃபரன்ஷியல் ஆயிலை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை சார். இன்ஜின் ஆயிலை மாற்றுவார்கள், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைப்பார்கள். பின் சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி ஒரு பல்சக்கரப் பெட்டி தொங்குகிறதே, அது ஆயில் வற்றி ஊளையிடும்போதுதான் ஞாபகம் வரும்.

அந்த ஆயிலை மாற்றும்போது மேல் போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். புது ஆயில் ஊற்றுகிற வழி அது. அது துருப்பிடித்து இறுகியிருப்பது தெரியாமல் கீழ் போல்ட்டைத் திறந்து பழையதை இறக்கிவிட்டால், வண்டி அம்போதான். என் பட்டறையில் இதுதான் முதல் சட்டம்.

அன்றைக்கு நான் மேல் போல்ட்டைத் தொடவே இல்லை. நீங்கள்தான் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டீர்களே, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் மகள் வெளியூர் வேலைக்கு ஒற்றைக்காலில் நின்றாள். அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் நேர்முகத் தேர்வன்று அவள் காரின் பேட்டரி ஒயரைத் தளர்த்தி வைத்தேன். அடுத்ததற்குப் பெட்ரோலில் தண்ணீர். பாவம், தன் ராசியையே நொந்துகொண்டாள். நான்தான் சமாதானம் சொன்னேன். மூன்றாவதற்கு என்னிடம் சொல்லாமல் ரயிலேறிப் போய் வேலையோடு திரும்பி வந்தாள். கெட்டிக்காரி.

கிளம்புகிற அன்று பெட்டிகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "டிஃபரன்ஷியல் ஆயில் மாத்திட்டீங்களாப்பா?"

"மாத்தியாச்சும்மா."

பழையதை இறக்கியிருந்தேன், அதனால் பாதி உண்மை. மலைப்பாதை வருவதற்குள் கத்த ஆரம்பிக்கும், பயந்து திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. போன் செய்தாள்.

"அப்பா, பின்னாடி ஒரு மாதிரி ஊளையிடுது. இங்க ஒரு பட்டறை இருக்கு, காட்டிட்டுப் போகட்டுமா?"

அந்தப் பட்டறைக்காரனை எனக்குத் தெரியும். சொட்டு ஆயில் இல்லை என்று கண்டதும் ஊர் முழுக்கத் தமுக்கடித்துவிடுவான். நான் கட்டிக் காத்த பெயர் போயிருக்கும். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்.

"புது ஆயில்மா, கொஞ்ச தூரம் அப்படித்தான் கத்தும். நிக்காம ஓட்டு" என்றேன்.

இறக்கத்தில் பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன, வண்டி பள்ளத்தில் உருண்டது. அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

நான் அழாத நாளில்லை. ஆனாலும் வீடு இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது. அவள் சக்கர நாற்காலிக்கு நான்தான் எண்ணெய் போடுகிறேன். வாசல் படிக்கு ஒரு சாய்வுப் பலகை வேண்டுமென்று நச்சரிக்கிறாள். அளவெடுத்து வைத்திருக்கிறேன், செய்யத்தான் நேரம் அமையவில்லை.

வாக்குமூலத்தைச் சீக்கிரம் எழுதி முடியுங்கள் சார். அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?